அண்ணல் நூற்ற நூலும் ஒரு பெண் பின்னிய லேசும்

(இளங்கலை வரலாறு, மூன்றாம் ஆண்டு மாணவி)

காந்தியடிகளைப் பற்றிய கட்டுரை இல்லாத கல்லூரி மலர் அரிது. உப்பெடுத்த அண்ணலையும், உண்ணாநோன்பு இருந்த அண்ணலையும், நவகாளியில் வெறுங்காலுடன் நடந்த அண்ணலையும் நம் மாணவர்கள் பலமுறை எழுத்தில் வடித்திருக்கிறார்கள். நான் எடுத்துக்கொண்டிருப்பது மிகச் சிறிய பொருள். அண்ணலின் விரல்களுக்கிடையே ஓடிய பருத்தி நூலே அது. அந்த நூலில் பெரும்பகுதி தறிக்குச் சென்று துணியாயிற்று. ஒரு சிறு பகுதி மட்டும் ஓர் இளம்பெண்ணின் கைக்குச் சென்று, கொக்கி ஊசியால் பின்னப்பட்டு, லேசு விரிப்பாக மாறி, 1947-ஆம் ஆண்டு கடல் கடந்து ஓர் அரண்மனையை அடைந்தது. அந்த நூலின் நுனியைப் பிடித்துக்கொண்டே அண்ணலின் வாழ்க்கையை ஒருமுறை நடந்து பார்க்க விரும்புகிறேன்.

நம் பக்கத்துப் பின்னல்

அரண்மனைக்குப் போகுமுன் நம் தெருவைச் சற்றுப் பார்ப்போம். தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, பல்லாவரம் ஆகிய ஊர்களின் குடியிருப்புகளில் பின்னல் வேலை தெரிந்த பெண்கள் இல்லாத தெரு இல்லை எனலாம். எங்கள் வீட்டில் அம்மா பின்னுவார். பக்கத்து வீட்டுப் பெரியம்மா அவருக்குக் கற்றுக்கொடுத்தவர். அம்மாவிடமிருந்து நான் கற்றேன். வாசல் தோரணம், மேசை விரிப்பு, தலையணை உறையின் ஓரம், குழந்தைக்குக் குல்லாய், பூசை அறைக்கு ஒரு சிறு திரை என்று பிற்பகல் நேரங்களில் கைகள் ஓடிக்கொண்டே இருக்கும்.

நம் ஊர்ப் பின்னலுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் பின்னுவோர் கம்பளி நூலைத் தேடுவார்கள். நம் பக்கத்து வெயிலில் கம்பளியை யார் அணிவார்? ஆகவே இங்கே பருத்தி நூலுக்கே மதிப்பு. பருத்தி வியர்வையை உறிஞ்சும். துவைக்கத் துவைக்க மென்மையாகும். குழந்தையின் தோலை உறுத்தாது. ஆனால் கம்பளிக்கு உள்ள நெகிழ்வு அதற்கு இல்லை. கம்பளியில் ஒரு கண் இறுகினால் இழுத்துச் சரிசெய்யலாம். பருத்தியில் இறுகியது இறுகியதுதான். எனவே பருத்தி நூலில் பின்னுபவருக்குக் கை ஒரே சீராக ஓட வேண்டும்.

செடியும் மரமும் தரும் நார்களை நூலாக்கும் கலை நம் பகுதிக்குப் புதிதன்று. பல்லாவரத்தை அடுத்த அனகாபுத்தூர் நெசவாளர்கள் வாழைநார், சணல், கற்றாழை முதலியவற்றின் இழைகளைக் கொண்டு சேலை நெய்து நாடெங்கும் பெயர் பெற்றிருக்கிறார்கள். முன்னொரு காலத்தில் அவ்வூர்த் தறிகளில் நெய்த துணி கப்பலேறி ஆப்பிரிக்காவின் நைஜீரிய நாட்டுக்குச் சென்றது. இன்று தறிகள் குறைந்துவிட்டன. ஆயினும் வாழைத்தண்டின் மட்டையிலிருந்து நாரை உரித்து, காயவைத்து, இழையோடு இழை முடிந்து நீளமாக்கும் பெண்களின் பொறுமையைக் கண்டவர்கள், நூல் என்பது கடையில் கண்டு கண்டாகப் பிறப்பதில்லை என்பதை உணர்வார்கள். அதை இந்திய நாடு முழுவதற்கும் உணர்த்த முயன்றவரே அண்ணல் காந்தியடிகள்.

தறியைப் பார்க்காமலே எழுதியவர்

மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி 1869-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 2-ஆம் நாள் கத்தியவார் தீபகற்பத்திலுள்ள போர்பந்தரில் பிறந்தார். வணிகர் குலம், தந்தையார் திவான் பதவி வகித்தவர். நூல் நூற்கும் குடும்பமன்று. இலண்டனில் சட்டம் பயின்று, 1893-இல் ஒரு வழக்குக்காகத் தென்னாப்பிரிக்கா சென்றார். அங்கே தங்கிய ஏறத்தாழ இருபத்தோர் ஆண்டுகளில்தான் வழக்கறிஞர் காந்தி உடலுழைப்பாளி காந்தியாக மாறினார். பீனிக்ஸ் குடியிருப்பிலும் டால்ஸ்டாய் பண்ணையிலும் நிலத்தைக் கொத்தினார். தம் துணியைத் தாமே வெளுத்தார். தலைமுடியைத் தாமே கத்தரித்தார். செருப்புத் தைக்கவும் பழகினார். சிறையிலிருந்தபோது தம் கையால் செய்த ஒரு சோடிச் செருப்பை, தம்மைச் சிறைக்கனுப்பிய தளபதி ஸ்மட்சுக்கே பரிசாக வழங்கினார் என்பது வரலாறு.

ஆனால் இராட்டை மட்டும் அவர் கைக்கு வரவில்லை. 1909-ஆம் ஆண்டு, இலண்டனிலிருந்து தென்னாப்பிரிக்கா திரும்பும் கப்பலில் அவர் இந்திய சுயராஜ்யம் என்னும் நூலை எழுதினார். கைத்தொழிலால்தான் இந்தியாவின் வறுமை நீங்கும் என்ற கருத்து அப்போதே அவர் உள்ளத்தில் வேரூன்றியிருந்தது. வியப்பு என்னவென்றால், அந்நாளில் அவர் தறியையோ இராட்டையையோ கண்ணால் கண்டதில்லை. இரண்டுக்கும் உள்ள வேறுபாடுகூட அப்போது தமக்குத் தெளிவாக இல்லை என்று பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். பெரியோர் பலர் பிறவியிலேயே மேதைகள் என்று எண்ணி மலைத்து நிற்கும் நம்மைப் போன்ற மாணவர்க்கு இச்செய்தி பெரிய ஆறுதல்.

இராட்டையைக் கண்டெடுத்த பெண்மணி

1915-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் அண்ணல் தாயகம் திரும்பினார். அதே ஆண்டு அகமதாபாத்தை அடுத்த கோச்சரப்பில் ஆசிரமம் அமைத்தார். சில தறிகள் வந்தன. நெய்யத் தெரிந்தவர் ஒருவர் தேடிப் பிடிக்கப்பட்டார். ஆசிரமவாசிகள் தம் துணியைத் தாமே நெய்யத் தொடங்கினர். அப்போதுதான் அடிப்படைச் சிக்கல் தெரிந்தது. தறி ஓட நூல் வேண்டும். நூலோ ஆலையிலிருந்து வந்தது. ஆலைகள் நல்ல நூலைத் தாங்களே நெய்துகொண்டு, மிஞ்சியதையே கைத்தறிக்குக் கொடுத்தன. நூலுக்கு ஆலையின் கையை எதிர்பார்க்கும் நெசவாளி எப்படித் தன் காலில் நிற்பான்?

கையால் நூற்பவரைத் தேடினார்கள். நூற்பு பெண்களின் தொழிலாக இருந்ததனால், அதை அறிந்தவரைக் கண்டுபிடிக்க ஆண்களால் இயலவில்லை. 1917-ஆம் ஆண்டு புரோச் நகரில் நடந்த கல்வி மாநாட்டில் கங்காபென் மஜும்தார் என்னும் விதவைப் பெண்மணியை அண்ணல் சந்தித்தார். துணிவும் விடாமுயற்சியும் மிக்கவர் அவர், தீண்டாமையை உதறியவர், ஊர் ஊராகக் குதிரையேறிச் செல்லத் தயங்காதவர். இராட்டையைத் தேடும் பணியை அவரிடம் ஒப்படைத்தார் அண்ணல். குசராத்து முழுவதும் அலைந்த கங்காபென், பரோடா சமஸ்தானத்து விஜாப்பூரில் அதைக் கண்டெடுத்தார். பல வீடுகளில் இராட்டைகள் பரண்மேல் தூசு படிந்து கிடந்தன. பஞ்சுத் திரியை ஒழுங்காகக் கொடுத்து, நூற்ற நூலை ஒழுங்காக வாங்கிக்கொள்வதாக இருந்தால் நூற்கிறோம் என்று அவ்வீட்டுப் பெண்கள் கூறினார்கள்.

இந்த நிபந்தனையை நான் பலமுறை எண்ணிப் பார்ப்பதுண்டு. அந்தப் பெண்கள் கைத்திறனை மறக்கவில்லை, சோம்பலால் விட்டுவிடவுமில்லை. செய்த பொருளை வாங்குவார் இல்லாததனால்தான் இராட்டை பரணுக்குப் போயிற்று. கதர் இயக்கத்தின் முதல் பாடத்தை அண்ணலுக்குக் கற்பித்தவர்கள் அவர்களே.

1919-இல் அண்ணல் நோயுற்றுப் பம்பாயில் மணிபவன் இல்லத்தில் தங்கியிருந்தபோது, அவர் அறையிலேயே இராட்டை சுழன்றது. அந்த மெல்லிய ஓசை தம் உடல் தேறத் துணைசெய்தது என்று அவர் நம்பினார். அப்போது அவருக்கு வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த வயதில், பெண்களின் அருகில் அமர்ந்து, அறுந்த நூலைக் கூட்டிக் கூட்டி நூற்கப் பழகினார் அவர். ஆசிரமத்தில் முதன்முதல் உருவான கதர்த் துணி கெசத்துக்குப் பதினேழு அணா விழுந்தது. அகலமும் போதாது. நாற்பத்தைந்து அங்குல அகலத்தில் ஒரு வேட்டி ஒரு திங்களுக்குள் கிடைக்காவிட்டால் குட்டை வேட்டியுடனே காலங்கழிப்பேன் என்று கங்காபென்னுக்கு அறிவித்தார். கெடு முடியுமுன்பே ஒரு சோடி வேட்டி வந்து சேர்ந்தது.

மதுரையில் களைந்த ஆடை

1921-ஆம் ஆண்டு ஒத்துழையாமை இயக்கம் நாடெங்கும் கொழுந்துவிட்டெரிந்த ஆண்டு. சூலைத் திங்கள் இறுதியில் பம்பாயில் அயல்நாட்டுத் துணிகள் மலைபோல் குவிக்கப்பட்டுத் தீயிலிடப்பட்டன. செப்டம்பரில் அண்ணல் சென்னை வந்து, தெற்கு நோக்கிப் பயணமானார். கதரை அணியுங்கள் என்று சொல்லிக்கொண்டே வந்த அவருக்கு, கதர் வாங்க எங்களுக்கு வசதியில்லை என்று ஏழை மக்கள் விடை கூறினார்கள். அவர்கள் உடலில் ஒரு முழத்துணிக்கு மேல் இல்லை. தம் உடலிலோ சட்டை, தொப்பி, நீண்ட வேட்டி அனைத்தும் இருந்தன. அந்த வேறுபாடு அவரை வருத்தியது. மதுரை மேலமாசி வீதியில் தங்கியிருந்த அவர், செப்டம்பர் 22-ஆம் நாள் காலை, முழங்காலளவு ஒற்றைத் துணியுடன் வெளியே வந்தார். அந்த உடையை அவர் இறுதிவரை மாற்றவில்லை. உலகம் அறிந்த காந்தியின் உருவம் தமிழ் மண்ணிலேதான் தோன்றியது என்பது நமக்குப் பெருமை.

தமிழ்நாடும் அவர் கையில் நூலைக் கொடுக்கத் தவறவில்லை. 1925-இல் இராசாசி திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தை நிறுவி, மழை பொய்த்த சிற்றூர்ப் பெண்களுக்கு இராட்டையின் வழியாகக் கஞ்சி வார்த்தார். திருப்பூர் பெரிய கதர் மையமாக விளங்கியது. அதே திருப்பூர் இன்று பருத்திப் பின்னலாடையால் உலகப் புகழ் பெற்றிருப்பது பொருத்தமான தொடர்ச்சியே.

நூலுக்குக் கூலி

1925-ஆம் ஆண்டு செப்டம்பரில் பாட்னாவில் அகில பாரத சர்க்கா சங்கம் தோன்றியது. அதே ஆண்டு கவியரசர் தாகூர், நாடு முழுவதையும் ஒரே வேலையில் ஈடுபடுத்துவது அறிவை மழுக்கும் என்று இராட்டை இயக்கத்தைக் கண்டித்து எழுதினார். அண்ணல் அவருக்கு மரியாதையுடன் மறுமொழி எழுதினார், நட்பு குறையவில்லை. நல்ல கருவி வேண்டும் என்பதை அவரும் மறுக்கவில்லை. 1929-இல், சிற்றூர் வீட்டில் வைத்து இயக்கத்தக்க சிறந்த இராட்டையை உருவாக்குவோருக்கு ஓர் இலட்சம் ரூபாய் பரிசு என்று சங்கம் அறிவித்தது. பரிசு பெறும் தகுதியுள்ள இராட்டை ஒன்றும் வரவில்லை. ஆனால் எரவாடாச் சிறையில் அண்ணல் பயன்படுத்திச் செம்மைப்படுத்திய, பெட்டிக்குள் மடக்கி வைக்கத்தக்க சிறு இராட்டை நாடெங்கும் பரவியது.

1931-இல் வட்டமேசை மாநாட்டுக்குச் சென்றபோது கப்பல் தளத்திலும் நூற்றார். இங்கிலாந்தில், இந்தியாவின் அயல்துணி மறுப்பால் வேலையிழந்த இலங்காசயர் ஆலைத் தொழிலாளரையே தேடிச் சென்று சந்தித்தார். வசைமொழிக்குப் பதில் வாழ்த்தொலி எழுந்தது. டார்வன் ஊரின் ஆலைப் பெண்கள் அவரைச் சூழ்ந்து நின்று மகிழ்ந்து கூவும் புகைப்படம் இன்றும் நம் பாடநூல்களில் காணப்படுகிறது. அவர்கள் பட்டினியை அவர் மறுக்கவில்லை. இந்தியச் சிற்றூரின் பட்டினி அதனினும் கொடிது என்று எடுத்துரைத்தார்.

அவர் வாழ்க்கையில் நான் மிக உயர்வாகக் கருதும் நிகழ்ச்சி இவற்றுள் எதுவுமன்று. அது 1935-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. கதரின் விலை அதிகம் என்று நகரத்தார் குறைகூறியதால், கதர் ஊழியர்கள் விலையைக் குறைக்கப் பாடுபட்டு வந்தனர். விலை குறைந்தது, எங்கே குறைந்தது என்று அண்ணல் கணக்குப் பார்த்தார். நாள் முழுதும் நூற்கும் பெண்ணின் கூலியில்தான் அது குறைந்திருந்தது. ஏழைக்காகத் தொடங்கிய இயக்கம், ஏழைப் பெண்ணின் உழைப்பைச் சுரண்டியே நகரத்தாருக்கு மலிவுத் துணி வழங்குகிறதே என்று அவர் மனம் நொந்தார். நூற்புக்கும் வாழத்தக்க கூலி வேண்டும் என்று வற்புறுத்தினார். எட்டு மணி நேர வேலைக்கு எட்டணா என்பது அவர் குறித்த இலக்கு. கூலியை உயர்த்தினால் விலை ஏறும், விற்பனை படுத்துவிடும் என்று தோழர்கள் அஞ்சினார்கள். படுத்தாலும் குற்றமில்லை, அரைவயிற்றுக் கூலியில் செய்த பொருளை விற்கலாகாது என்பதே அவர் நிலை. எட்டணாவை உடனே எட்ட முடியவில்லை. ஆயினும் உணவுக்கும் உடைக்கும் ஆகும் செலவைக் கணக்கிட்டு நூற்புக் கூலியைப் படிப்படியாக உயர்த்தும் கொள்கையைச் சர்க்கா சங்கம் அவ்வாண்டே ஏற்றுக்கொண்டது.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் வீட்டுத் திண்ணை நினைவுக்கு வந்தது. சென்ற ஆண்டு ஒரு கடைக்காரருக்காக அம்மா பருத்தி நூலில் வட்ட மேசை விரிப்பு ஒன்று பின்னிக் கொடுத்தார். சமையலும் வீட்டுவேலையும் போக மிஞ்சிய நேரத்தில் பதினெட்டு நாள் ஆயிற்று. நூல் அவருடையது, உழைப்பு எங்களுடையது. கூலி முந்நூறு ரூபாய். அதே விரிப்பு கடையின் கண்ணாடிப் பெட்டியில் ஆயிரத்து இருநூறு ரூபாய்ச் சீட்டுடன் தொங்கியதை நானே கண்டேன். வீட்டில் சும்மா இருக்கும் நேரத்தில் செய்வதுதானே என்று கடைக்காரர் சொன்னார். அம்மா மறுமொழி சொல்லவில்லை. சும்மா இருக்கும் நேரம் என்ற அந்தச் சொல்லைத்தான் அண்ணல் 1935-இல் எதிர்த்தார் என்று எனக்குத் தோன்றுகிறது.

இங்கே ஒரு நுட்பத்தைச் சொல்ல வேண்டும். இரண்டு ஊசிகளால் பின்னும் கம்பளிப் பின்னலைச் செய்ய இயந்திரங்கள் வந்துவிட்டன. ஒற்றைக் கொக்கி ஊசியால் பின்னும் குரோஷாப் பின்னல் அப்படியன்று; ஒவ்வொரு கண்ணும் இன்னமும் மனிதக் கையால்தான் விழுகிறது. எந்தக் கடையில் எவ்வளவு மலிவாக ஒரு குரோஷா விரிப்பைக் கண்டாலும், எங்கோ ஒரு வீட்டில் ஒரு பெண் அத்தனை கண்களையும் எண்ணிப் பின்னியிருக்கிறாள் என்பது உறுதி. மலிவு எங்கிருந்து வந்தது என்று கேட்பதற்கு நமக்குக் கற்றுக்கொடுத்தவர் அண்ணல்.

அன்னையின் இறுதி ஆடை

1942 ஆகஸ்டுப் புரட்சியின் தொடக்கத்திலேயே அண்ணலும் அன்னை கஸ்தூரிபாவும் பூனாவிலுள்ள ஆகாகான் மாளிகையில் சிறை வைக்கப்பட்டனர். 1944-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 22-ஆம் நாள் அன்னை அங்கேயே, கணவரின் மடியில் தலைசாய்த்து உயிர் நீத்தார். அறுபது ஆண்டைக் கடந்த இல்லறம் முடிவுற்றது. அண்ணல் தம் கையால் நூற்ற நூலில் நெய்த சேலையே அன்னையின் இறுதி ஆடையாக அமைந்தது. பொன்னும் பட்டும் வாங்கித் தராத கணவர் பல நாள் அமர்ந்து நூற்ற நூல் அது. இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

அரண்மனைக்குப் போன லேசு

1947 ஆகஸ்டு 15-இல் விடுதலை வந்தது. பிரிவினைத் தீயும் உடன் வந்தது. செப்டம்பர் முதல் அண்ணல் தில்லியில் பிர்லா மாளிகையில் தங்கி, அகதிகளுக்கும் அஞ்சி ஒடுங்கியவர்களுக்கும் ஆறுதல் கூறிக்கொண்டிருந்தார். அந்த வேளையில் இங்கிலாந்து இளவரசி எலிசபெத்துக்கும் பிலிப்புக்கும் திருமணம் உறுதியாகியிருந்தது. நாள் நவம்பர் 20. மணமகன் மவுண்ட்பேட்டனின் மருமகன் முறை. என்ன பரிசளிப்பேன், என் உடைமை அனைத்தையும் கொடுத்துவிட்டேனே என்று அண்ணல் தயங்க, உங்களிடம் இராட்டை இருக்கிறதே என்று மவுண்ட்பேட்டன் நினைவூட்டினார் என்பர்.

அண்ணல் தாம் நூற்ற நூலை எடுத்தார். அது ஒற்றை நூலாக அன்று, இரட்டை நூலாகச் சேர்த்து முறுக்கப்பட்டது. பின்னல் தெரிந்தவர்க்கு இதன் காரணம் உடனே புரியும். கையால் நூற்ற ஒற்றைப் பருத்தி நூலைக் கொக்கியில் மாட்டி இழுத்தால் முறுக்குப் பிரிந்து இழை தெறிக்கும். இரண்டு நூலைச் சேர்த்து எதிர்ப்புறம் முறுக்கினால் ஒன்றையொன்று தாங்கிக்கொள்ளும். அந்த நூலைக் கொண்டு ஒரு பஞ்சாபிப் பெண் லேசு விரிப்பைப் பின்னினாள். அண்ணலுக்குப் பேரன் முறையான கனு காந்தி அவளுக்குப் பயிற்சி அளித்தவர். நடுவில் ஜெய் ஹிந்த் என்ற சொற்கள் அமைந்தன. நேதாசியின் படைவீரர்கள் முழங்கிய முழக்கம், ஆண்ட நாட்டு இளவரசியின் திருமணப் பரிசில், வன்மம் சிறிதுமின்றி, வெள்ளைப் பருத்திப் பூ வேலையாக மலர்ந்தது.

மணமக்கள் நீடு வாழ்ந்து தொண்டு செய்ய வேண்டும் என்ற வாழ்த்துடன் அதை மவுண்ட்பேட்டனிடம் கொடுத்தனுப்பினார் அண்ணல். உலகெங்குமிருந்து வந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பரிசுகளுடன் அது இலண்டன் செயின்ட் ஜேம்ஸ் அரண்மனையில் பார்வைக்கு வைக்கப்பட்டது. வைரமும் வெள்ளியும் மின்னிய இடத்தில் இந்தச் சிறு விரிப்பைக் கண்ட மணமகளின் பாட்டியார் மேரி அரசியார், அது அண்ணலின் இடுப்புத் துணி என்றே எண்ணி முகம் சுளித்தார் என்றும், மணமகன் பிலிப் அண்ணலை உயர்த்திப் பேசினார் என்றும் அக்குடும்பத்துக்கு நெருங்கியவர்கள் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்கள்.

அரசியார் முகம் சுளித்தாலும் அந்த லேசு அழியவில்லை. இங்கிலாந்து அரச குடும்பத்தின் சேகரிப்பில் அது இடம்பெற்றது. 2022-ஆம் ஆண்டு செப்டம்பரில் இரண்டாம் எலிசபெத் அரசியார் மறைந்தபோது, நம் நாட்டுப் பிரதமர் தம் இரங்கல் செய்தியில், அண்ணல் தந்த அந்தப் பரிசை அரசியார் தமக்கு எடுத்துக் காட்டியதை நினைவுகூர்ந்தார். எழுபது ஆண்டுக்கு மேலாக ஓர் அரசி பேணி வைத்திருந்த பொருள் அது.

பரிசுடன் அண்ணல் எழுதியனுப்பிய சிறு கடிதத்தில் தமது நூல் என்று மட்டும் கூறி நிறுத்தவில்லை. பின்னியவள் ஒரு பஞ்சாபிப் பெண் என்பதையும், அவளுக்குக் கற்பித்தவர் யார் என்பதையும் சேர்த்தே எழுதினார். பிறர் உழைப்பைத் தம் பெயரில் வரவு வைக்க அவருக்கு மனம் வராது. ஆயினும் அந்தக் கடிதம் அவள் பெயரைச் சொல்லவில்லை. நூற்றவர் பெயர் உலகறிந்தது; பெற்றவர் பெயர் உலகறிந்தது; கொண்டு சென்றவர் பெயரும் உலகறிந்தது. கண் கண்ணாக எண்ணி, எழுத்துப் பிசகாமல் பின்னி முடித்தவள் மட்டும் பஞ்சாபிப் பெண் என்ற அளவில் நிற்கிறாள். அந்த ஆண்டு பஞ்சாப் இரண்டாகக் கிழிந்து இரத்தம் சிந்திய ஆண்டு என்பதை எண்ணும்போது, அந்தக் கைகளின்மேல் என் மதிப்பு இன்னும் உயர்கிறது.

அறுந்த நூல்

திருமணம் முடிந்த எழுபத்தோராம் நாள், 1948 சனவரி 30-ஆம் நாள் மாலை, பிர்லா மாளிகைத் தோட்டத்தில் வழிபாட்டுக்கு நடந்து சென்ற அண்ணலை மூன்று குண்டுகள் சாய்த்தன. ஒருபுறம் மனு, மறுபுறம் கனுவின் மனைவி ஆபா. இருவர் தோளிலும் கைவைத்து அவர் நடந்துவந்திருந்தார். அவர் விட்டுச்சென்ற உடைமைகளை ஒரு சிறு மேசைமேல் அடுக்கிவிடலாம். மூக்குக் கண்ணாடி, கடிகாரம், செருப்பு, கிண்ணம் போன்ற சிலவே அவை. ஆனால் அவர் நூற்ற நூல் பூனாவில் அன்னையின் சிதையிலும், இலண்டனில் அரசியின் பேழையிலும் ஒரே மதிப்புடன் இடம்பெற்றது.

அண்ணலின் வாழ்க்கையை இந்த நூலின் வழியே பார்க்கும்போது எனக்குத் தெளிவாவது ஒன்று. அவர் இராட்டையைக் கண்டுபிடித்தவர் அல்லர். மிகச் சிறந்த நூற்பாளரும் அல்லர். வீட்டிலிருந்து பெண்கள் செய்யும் கைவேலையை வேலை என்று ஏற்றுக்கொண்டவர்; அதைப் பெண்களிடமே கற்றுக்கொண்டவர்; அதற்கு உரிய கூலி எவ்வளவு என்று கணக்குக் கேட்டவர். சிலைக்கு மாலை சூட்டுவோர் பலர். நூற்ற பெண்ணின் கூலியைக் கணக்குப் பார்த்தோர் சிலரே.

நம் கல்லூரியில் பொருளியல் பயிலும் தோழியரும் வணிகவியல் பயிலும் தோழரும் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி இது. தாம்பரம் முதல் பல்லாவரம் வரை நம் தெருக்களில் பின்னல் தெரிந்த கைகள் ஏராளம். அவர்கள் தனித்தனியே கடைக்காரரின் முன் நின்றால் அவர் சொன்னதே கூலி. பத்துப் பெண்கள் ஒன்று சேர்ந்து, ஒரு விரிப்புக்கு எத்தனை மணி நேரம், எவ்வளவு நூல், என்ன விலை என்று ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்தால், அந்தக் கணக்கே அவர்களுக்காகப் பேசும். கணக்கெழுதத் தெரிந்த நாம் அந்தக் குறிப்பேட்டைத் தொடங்கிக் கொடுக்கலாம். அதில் பொருளின் பெயருக்கு எதிரே பின்னியவரின் பெயரையும் எழுத வேண்டும். 1947-இல் விடுபட்டுப்போன ஒரு பெயருக்கு நாம் செலுத்தும் மரியாதை அதுவே ஆகும்.